எஞ்சிய குறையை நிரப்பிய கொடை

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆம் திகதி, வாஷிங்டன் நகரிலே, அமெரிக்க சனாதிபதியின் வெள்ளை மாளிகையில் ஒரு சிறப்பு விழா நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் குடிமக்களுக்கு வழங்கப்படும் மிகவுயர்ந்த விருதுகளுள் ஒன்றாகிய சுதந்திரப் பதக்கத்தைச் சனாதிபதி பராக் ஒபாமா அன்று இருபத்தொருவருக்கு அணிவித்தார். கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கேல் ஜோர்டன், பாடகி டயானா ரொஸ், சந்திரனுக்குச் சென்ற அப்பலோ விண்கலங்களின் கணினிகளுக்கு நெறி வகுத்த மார்கரெட் ஹமில்டன் முதலியோர் அவ்வரிசையில் நின்றனர். கணவனும் மனைவியுமாக ஒருங்கே அழைக்கப்பட்ட பில் கேற்ஸ், மெலிண்டா கேற்ஸ் என்போரும் அவ்வரிசையில் இடம்பெற்றனர்.

இத்தம்பதியரின் பெயரைக் கேட்டதும் பலருடைய நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, மைக்ரோசொப்ட் என்னும் கணினி நிறுவனத்தால் திரண்ட பெருஞ்செல்வம். மற்றொன்று, வறிய நாடுகளிலே நோய்த் தடுப்புக்காக அவர்கள் செலவிட்ட பெருந்தொகை. அன்றைய பதக்கமும் அவர்தம் அறப்பணி முழுவதையும் கருதியே வழங்கப்பட்டது. ஆயினும் அப்பணிகளுள் ஒன்று, அதன் அளவினால் மட்டுமன்றி அது அமைக்கப்பட்ட முறையினாலும் தனியே ஆராயத்தக்கது. அதுவே, வறிய குடும்பத்து மாணவர் 20,000 பேரைக் கல்லூரிக்கு அனுப்பிய புலமைப்பரிசில் திட்டமாகும். புலமைப்பரிசில் என்பது கெட்டிக்கார மாணவனின் கழுத்தில் இடும் மாலையா? அன்றி, அவன் நடந்து செல்லும் வழியில் கிடக்கும் பள்ளத்தை நிரப்பும் மண்ணா? இவ்வினாவுக்கு அத்திட்டம் தந்த விடை தெளிவானது.

அவ்விடையை விளங்கிக்கொள்வதற்கு, இவ்விருவரும் கல்லூரிக்கு வந்த வழிகளை முதலில் அறிதல் வேண்டும். பில் கேற்ஸ் 1955ஆம் ஆண்டில் சியாட்டில் நகரிற் பிறந்தவர். தந்தையார் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் மேரி கேற்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் நெடுங்காலம் அங்கம் வகித்தவர். தனியார் பாடசாலையிற் பயின்று, 1973இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த மகன், 1975இல் நண்பர் போல் அலனுடன் மைக்ரோசொப்டைத் தொடங்கும்பொருட்டுப் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். முயற்சி தோற்றிருந்தாலும் திரும்பிச் செல்வதற்கு அவருக்கு ஒரு வீடு இருந்தது. பல்கலைக்கழகக் கதவும் முற்றாக மூடப்பட்டிருக்கவில்லை. அப்பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

மெலிண்டாவின் கதை வேறு. அவர் 1964ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிற் பிறந்தவர். தந்தையார் விண்வெளித் துறையிற் பணியாற்றிய பொறியியலாளர். பட்டினி அறியாத வீடுதான். எனினும் பிள்ளைகள் நால்வரையும் அவரவர் விரும்பிய கல்லூரிக்கு அனுப்புவதற்குத் தந்தையாரின் சம்பளம் போதாது. ஆதலால் பெற்றோர் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் சிறு தொழிலொன்றையும் நடத்தினர். வார இறுதியிலே குடும்பமே அவ்வீடுகளுக்குச் செல்லும். பிள்ளைகள் தரையைத் துடைப்பர், அடுப்புகளைத் தேய்த்துக் கழுவுவர், புல்லை வெட்டுவர். அவ்வாறு ஈட்டிய பணமே கல்லூரிக் கட்டணமாயிற்று. மெலிண்டா டியூக் பல்கலைக்கழகத்தில் 1986இல் கணினியியலிலும் பொருளியலிலும் பட்டமும், 1987இல் வணிக நிருவாகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்று, மைக்ரோசொப்டில் உத்தியோகத்துக்கு வந்தார். 1994ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இருவருக்கும் திருமணம் நடந்தேறியது.

கல்லூரியை விட்டு அச்சமின்றி வெளியேற முடிந்தவர் ஒருவர். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பக் குடும்பமே வேர்வை சிந்திய வீட்டின் மகள் மற்றவர். திருமணத்துக்கு முன்னர் நடந்த விருந்தொன்றில், நோயுற்றிருந்த மேரி கேற்ஸ் மருமகளாக வரவிருந்த பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நிறையப் பெற்றவர் நிறையத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்பதே அக்கடிதத்தின் சாரம். திருமணம் நிகழ்ந்த ஆண்டிலேயே அந்த அம்மையார் காலமானார். அவருடைய பெயரால், அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கென 1 கோடி டொலர் நிதியொன்றை மகனும் மருமகளும் நிறுவினர். பின்னர் வந்த பெருங்கொடைக்கு அதுவே முன்னோடி எனலாம்.

இலங்கையிலே 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருந்து வருவதால், கல்லூரிக் கட்டணம் என்னும் சுமையின் பாரம் இங்குள்ளோருக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, மாநில அரசாங்கங்கள் நடத்தும் பல்கலைக்கழகங்களுங்கூடக் கட்டணம் அறவிடுகின்றன. தனியார் கல்லூரிகளின் கட்டணம் அதனிலும் பன்மடங்கு உயர்ந்தது. கட்டணத்தைச் செலுத்திவிட்டால் மட்டும் போதாது. தங்கும் அறை, உணவு, நூல்கள், போக்குவரத்து என்பனவும் மாணவனின் கணக்கிலேயே சேரும்.

இச்சுமையைக் குறைக்க அந்நாட்டு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை எனக் கூறுதல் தகாது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர் கல்வி பெறுதற்கு 1944இலும், பொதுவாக உயர்கல்விக்கு 1965இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தினால், வறிய குடும்பத்து மாணவர்களுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை ஒன்று ஏற்பட்டது. அதனைக் கொணர்வதில் முன்னின்ற செனற்றர் கிளேபோர்ன் பெல் என்பாரின் பெயரால் அது பின்னர் பெல் உதவித்தொகை என வழங்கலாயிற்று. ஆயினும் 2000-2001 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 3,300 டொலரேயாகும். கல்லூரிச் செலவு ஏறிய வேகத்துக்கு அத்தொகை ஈடுகொடுக்கவில்லை. எஞ்சிய இடைவெளியை மாணவன் கடன் பட்டும், இரவிலும் வார இறுதியிலும் வேலை செய்துமே நிரப்ப வேண்டியிருந்தது.

இந்நிலையில், 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கேற்ஸ் தம்பதியர் தமது அறநிலையத்தின் வாயிலாக ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். இருபது ஆண்டுகளில் 100 கோடி டொலர் செலவிட்டு, ஆண்டொன்றுக்குச் சுமார் 1,000 மாணவராக 20,000 பேருக்குப் புலமைப்பரிசில் வழங்கப்படும் என்பதே அது. 'கேற்ஸ் மிலேனியம் புலமைப்பரிசில்' எனப் பெயரிடப்பட்ட இத்திட்டத்துக்கு உரியோர், கறுப்பின மக்கள், அமெரிக்க ஆதிக்குடிகள், ஸ்பானிய மொழி வழிவந்தோர், ஆசிய மற்றும் பசிபிக் தீவு வழிவந்தோர் ஆகிய சமூகங்களைச் சேர்ந்த மாணவராவர். பெல் உதவித்தொகை பெறுமளவுக்கு வறுமையுடையவராய் இருத்தலும் கட்டாயமாக்கப்பட்டது.

திட்டத்தை நடத்தும் பொறுப்பு, ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிதியம், டஸ்கீகி கல்லூரியின் தலைவராக இருந்த பிரெடரிக் பற்றேர்சன் முதலியோரால் 1944ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கறுப்பின மாணவருக்கென அமைந்த தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிதி திரட்டி அல்லற்படாமல், ஒன்றுகூடித் திரட்டுதற்கு வகுத்த வழி அது. ஏனைய மூன்று சமூகங்களுக்கும் உரிய புலமைப்பரிசில் அமைப்புகள் இந்நிதியத்துக்குத் துணை நின்றன. பணம் படைத்தவர் தாமே புதிய அலுவலகம் திறந்து மாணவரைத் தேடாமல், அம்மாணவரை அறிந்தவர்களின் கையில் அப்பணியை விட்டமை இத்திட்டத்தின் முதற் சிறப்பாகும்.

இரண்டாவது சிறப்பு, பணம் கணக்கிடப்பட்ட முறை. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கல்லூரியில் ஓராண்டுக்கு ஆகும் முழுச் செலவு 20,000 டொலர் எனக் கொள்வோம். குடும்பத்தால் இயன்றது 1,000 டொலர். பெல் உதவித்தொகை 3,300 டொலர். மாநில அரசாங்கமும் கல்லூரியும் சேர்ந்து வழங்கும் நன்கொடை 7,000 டொலர். இவற்றின் கூட்டுத்தொகை 11,300 டொலர். இன்னும் 8,700 டொலர் குறைகின்றது. நான்கு ஆண்டுகளுக்கு இக்குறை 34,800 டொலராகும். சாதாரணமாக ஒரு சங்கமோ வணிக நிறுவனமோ 1,000 டொலர் பரிசளித்து, மாணவனோடு நின்று படமும் எடுத்துக்கொள்ளும். பரிசு பெற்ற மாணவனுக்கு அதன் பின்னரும் ஆண்டுக்கு 7,700 டொலர் குறைவாகவே இருக்கும். அவன் இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால், பட்டமும் இல்லை. பட்ட கடன் மட்டும் எஞ்சும்.

கேற்ஸ் திட்டமோ முன்கூட்டியே ஒரு தொகையை நிர்ணயிக்கவில்லை. மற்ற உதவிகள் யாவும் கணக்கிடப்பட்ட பின்னர் எஞ்சி நிற்கும் குறை எதுவோ, அதுவே புலமைப்பரிசிலின் அளவாயிற்று. ஒருவனுக்கு அது சில ஆயிரம் டொலராகவும், விலையுயர்ந்த கல்லூரிக்குச் சென்ற மற்றொருவனுக்கு அதனிலும் பல மடங்காகவும் அமைந்தது. கடன் பட்டும் வேலை செய்தும் தேட வேண்டிய பங்கையும் இப்பணம் ஏற்றுக்கொண்டது. எனவே, எந்தக் கல்லூரி மலிவானது என்று தேடாமல், எந்தக் கல்லூரி தனக்கு ஏற்றது என்று தேடும் உரிமை ஏழை மாணவனுக்கும் கிடைத்தது.

எஞ்சிய குறையை மட்டும் கடைசியில் நிரப்புவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. வெளியிலிருந்து ஒரு மாணவனுக்குப் பணம் வருகிறதென அறிந்ததும், அவனுக்குத் தான் கொடுக்க எண்ணியிருந்த நன்கொடையைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அவ்வாறு நேரின், கொடையாளியின் பணம் மாணவனின் கைக்குச் செல்லாமல் கல்லூரியின் பெட்டிக்குச் சென்றதற்கே ஒப்பாகும். எல்லோரும் தத்தம் பங்கைச் செலுத்திய பின்னர் கடைசியாக வருவது என வரையறுத்ததனால், பிறருடைய கடமையைத் தட்டிக் கழிக்க இடந்தராமல் இத்திட்டம் இயங்க முயன்றது.

மூன்றாவது சிறப்பு, மாணவரைத் தெரிந்தெடுத்த முறை. பாடசாலைப் புள்ளிகளுக்கு ஒரு கீழெல்லை இருந்தது, நான்குக்கு 3.3 என்பது அது. ஆனால் அவ்வெல்லையைத் தாண்டியவர்களைப் புள்ளி வரிசைப்படி நிறுத்தி மேலிருந்து எண்ணி எடுக்கவில்லை. மேரிலண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் செட்லசெக் என்பவர், பரீட்சைத் தாளில் வெளிப்படாத எட்டு இயல்புகளை வகுத்திருந்தார். தன்னைப் பற்றிய நல்ல நம்பிக்கை, தன் குறையைத் தானே அறியும் தெளிவு, இனவேற்றுமையை எதிர்கொள்ளும் திறன், தொலைநோக்கு, துணை நிற்பார் ஒருவரைப் பெற்றிருத்தல், தலைமை ஏற்ற அனுபவம், ஊர்ப்பணி, பாடசாலைக்கு வெளியே பெற்ற அறிவு என்பனவே அவை. விண்ணப்பித்த மாணவர் எட்டுக் கட்டுரைகள் எழுதி, இவ்வியல்புகளைத் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டும். அவரை நன்கறிந்த ஒருவர் முன்மொழிதலும், மற்றொருவர் பரிந்துரைத்தலும் வேண்டும்.

இதன் உட்பொருள் ஆழமானது. தாய் வேலைக்குச் சென்ற பின்னர் தம்பி தங்கையரைப் பராமரித்து, மாலையில் கடையொன்றில் நின்று உழைத்து, அதன் பின்னர் பாடம் படித்த பெண் பெற்ற புள்ளியும், தனி ஆசிரியர் வைத்துப் படித்த பையன் பெற்ற புள்ளியும் எண்ணளவில் ஒன்றாக இருக்கலாம், எடையளவில் ஒன்றல்ல. பரீட்சை எண்ணைக் காட்டும், எடையைக் காட்டாது. வீட்டுப் பொறுப்பைச் சுமந்தமை ஒரு குறையாகக் கருதப்படாமல், தலைமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட இடம் இதுவாகும்.

தெரிவான மாணவரை முதலாம் ஆண்டிலேயே ஒன்றுகூட்டித் தலைமைப் பயிற்சி அளிக்கும் வழக்கமும் இருந்தது. தன் குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த ஒருவன், அங்கு தன்னைப் போன்றோர் வேறு யாரும் இலர் என்று எண்ணி மனந்தளர்வது உண்டு. தன் நிலையிலுள்ள நூற்றுக்கணக்கானோரை ஒரே இடத்திற் காண்பது, பணத்தால் தர இயலாத தைரியத்தைத் தரும். முதற் பட்டத்தோடு உதவி நின்றுவிடவுமில்லை. கணிதம், விஞ்ஞானம், பொறியியல், கணினியியல், கல்வியியல், நூலகவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய ஏழு துறைகளிலே மேற்படிப்புக்கும் அது தொடர்ந்தது. இத்துறைகளிலே அச்சமூகங்களைச் சேர்ந்தோர் மிகக் குறைவாக இருந்தமையே இத்தெரிவுக்குக் காரணம்.

விளைவு என்ன? 2000ஆம் ஆண்டிலே முதற் குழு கல்லூரிக்குச் சென்றது. 2016ஆம் ஆண்டில், அதாவது வெள்ளை மாளிகையில் பதக்கம் வழங்கப்பட்ட அதே ஆண்டில், இறுதிக் குழு தெரிவாயிற்று. வாக்களித்த 20,000 என்னும் எண்ணிக்கை நிறைவெய்தியது. 100 கோடி என அறிவித்த தொகை 160 கோடி டொலராக உயர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஆறு ஆண்டுகளுக்குள் முதற் பட்டத்தை முடிப்போர் நூற்றுக்குச் சுமார் அறுபது பேரே. இத்திட்டத்தின் மாணவருள் அவ்வாறு முடித்தோர் நூற்றுக்கு எண்பதையும் தாண்டினர். இவர்கள் ஊக்கம் கருதித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஆதலின், இவ்வேறுபாடு முழுவதையும் பணத்தின் வெற்றி எனக் கூறலாகாது. ஆயினும், திறமையும் ஊக்கமும் இருந்தும் பணமின்மையால் இடைவழியில் நிற்போர் எத்துணைப் பேர் என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

இக்கொடைக்கு எதிராக எழுந்த குரல்களையும் மறைத்தல் முறையன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் சந்தையைத் தன் முற்றுரிமையாக்க முயன்றதென அமெரிக்க அரசாங்கம் 1998ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு, இவ்வறிவிப்பு வெளியானபோது நீதிமன்றத்தில் இருந்தது. ஆதலின், கறைபட்ட பெயரைக் கழுவுதற்குச் செய்த தானம் இது எனச் சிலர் குறை கூறினர். வறுமையிலே வாடும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஏன் இடமில்லை என வேறு சிலர் வினவினர். அவ்வினாவுக்கு, தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட சமூகங்களின் குறையை நிரப்ப ஒரு தனியார் கொடை முற்பட்டால் தவறென்ன என்பது மறுமொழியாயிற்று. எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறொன்று. ஏழைப் பிள்ளையின் கல்வி செல்வரின் மனமுவப்பைப் பொறுத்ததாக இருக்கலாமா என்பதே அது. 20,000 என்பது பெரிய எண். ஆனால் பெல் உதவித்தொகை பெறுவோரோ ஆண்டுதோறும் பல இலட்சக்கணக்கானோர். எத்துணைப் பெரிய கொடையும் அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாக மாட்டாது. அதிகபட்சம், அக்கடமை எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரியைக் காட்டலாம்.

2000ஆம் ஆண்டில் இத்தம்பதியரின் அறநிலையம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு 21 கோடி டொலர் வழங்கி மற்றொரு திட்டத்தையும் நிறுவியது. ஐக்கிய இராச்சியத்துக்குப் புறத்தேயுள்ள எந்நாட்டினரும் அங்கு மேற்படிப்புப் படிக்க அதன் உதவியை நாடலாம். இலங்கை மாணவருக்கும் அக்கதவு திறந்தே இருக்கின்றது. அங்கும் கட்டணம், வாழ்க்கைச் செலவு, பிரயாணச் செலவு ஆகியவற்றைச் சேர்த்து முழுச் செலவையும் ஏற்பதே முறை.

பில், மெலிண்டா ஆகிய இருவரும் 2021ஆம் ஆண்டில் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தனர். 2024இல் மெலிண்டா அறநிலையத்தை விட்டும் விலகினார். அவருடைய பெயர் அதன் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கியது. இல்லறம் முறிந்தது, ஆனால் புலமைப்பரிசில்கள் முறியவில்லை. ஏனெனில் அவை கொடுத்தவரின் வீட்டு விறாந்தையில் வைத்து ஆண்டுதோறும் வழங்கப்பட்டவை அல்ல. மாணவரை நன்கறிந்த நிறுவனங்களிடம், தெளிவான விதிகளோடும், முடிவுவரை போதிய நிதியோடும் ஒப்படைக்கப்பட்டவை. கொடுத்தவரின் மனம் மாறினாலும், குடும்பம் மாறினாலும் நிலைபெறத் தக்கதாய் அமைப்பதே அறத்தைச் செய்யும் திறன்.

பெருஞ்செல்வருக்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. பத்துப் பேருக்குப் பங்கிட்டு ஒருவருக்கும் போதாமற் கொடுப்பதிலும், ஒருவனுடைய குறை இன்னதென்று கேட்டறிந்து அதனை இறுதிவரை நிரப்புதல் மேலானது. பழைய மாணவர் சங்கமொன்று ஓர் ஏழைப் பிள்ளைக்கு உதவ முற்படும்போதும், ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும்போதும், முதலிற் கேட்க வேண்டியது "எவ்வளவு கொடுக்கலாம்?" என்பதன்று, "இன்னும் எவ்வளவு குறைகின்றது?" என்பதே. டலஸ் நகரிலே வாடகை வீட்டு அடுப்பைத் தேய்த்த சிறுமியின் பெற்றோர், பிள்ளைகளின் கல்லூரிக் கணக்கைப் பார்த்து இக்கேள்வியையே கேட்டிருப்பர். பல ஆண்டுகளின் பின்னர் 20,000 குடும்பங்களுக்கு அக்கேள்வியின் பாரம் நீங்கியது.